சாக வேண்டிய நேரத்தில் சாகாத செல்கள்

கோவிட் வந்ததிலிருந்து நம்ம காதுல அடிக்கடி விழுகிற ஒரு வார்த்தை 'இம்யூனிட்டி பூஸ்டர்'. கஷாயம், ஜூஸ், மாத்திரைன்னு எதை எடுத்தாலும் லேபிளில் அதுதான். எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்ற நினைப்பு. ஆனா கடந்த எழுபது வருஷ ஆராய்ச்சி வேற கதை சொல்லுது. இன்னைக்கு அந்தக் கதைதான்.

நெய்வேலியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு அங்கே சுரங்கம் வெட்டும் வேலையைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அள்ளினால் பழுப்பு நிலக்கரி கிடைக்கும். ஆனா பெரிய ஆபத்து அடியில் இருந்தது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலா பம்ப் ஓடி அந்தத் தண்ணீரை வெளியேற்றிக்கிட்டே இருந்தால்தான் சுரங்கம் நிற்கும். தோண்டுகிற இயந்திரம் எவ்வளவு முக்கியமோ, பம்பும் அவ்வளவு முக்கியம்.

அதே 1957-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மாக்ஃபார்லேன் பர்னெட் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். நம்ம உடம்பு விதவிதமான நோய் எதிர்ப்பு செல்களை முன்கூட்டியே தயாரித்து வைக்கிறது. வருகிற கிருமிக்குப் பொருந்துகிற செல் மட்டும் பல மடங்கா பெருகுது. இதுதான் அவர் சொன்னது. இங்கே ஒரு சிக்கல் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு விதவிதமா தயாரித்தால், சில செல்கள் நம்ம சொந்த உடம்புக்கே பொருந்துமே? அவற்றை 'தடை செய்யப்பட்ட குளோன்கள்' என்றார் பர்னெட். அவை அழிக்கப்பட வேண்டும். அதாவது, உடம்புக்குள்ளும் ஒரு பம்ப் ஓட வேண்டும். அந்த பம்ப் எது?

துப்பு குழந்தைகளிடமிருந்து வந்தது. 1967-இல் கேனலே, ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் சில குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருந்தன, மண்ணீரல் பெருத்திருந்தது. பார்த்தால் லிம்போமா புற்றுநோய் மாதிரி. ஆனா புற்றுநோய் இல்லை. அதோடு, அந்தக் குழந்தைகளின் உடம்பு தன் ரத்த அணுக்களைத் தானே அழித்துக்கொண்டிருந்தது.

1970களில் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு எலி வகையில் கிட்டத்தட்ட இதே காட்சி. வீங்கிய கட்டிகள், லூபஸ் போன்ற சிறுநீரக நோய். காரணம் ஏதோ ஒரு ஜீன் என்பது தெரிந்தது. எந்த ஜீன் என்பது தெரியவில்லை.

விடை ஜப்பானிலிருந்து வந்தது. ஒசாகாவில் ஷிகேகாசு நகாடாவின் குழு 1991-இல் 'ஃபாஸ்' என்ற ஜீனைப் பிரித்தெடுத்தது. செல்லின் மேற்பரப்பில் இருக்கிற ஃபாஸ் புரதத்தைச் சரியான மூலக்கூறு வந்து தொட்டால், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அடுத்த வருஷமே தெரிந்தது: அந்த எலிகளில் பழுதானது இதே ஃபாஸ்தான். திரும்பத் திரும்பத் தூண்டப்படும் டி செல்களை நிறுத்துவது இந்த பட்டன். அது பழுதானால் செல்கள் சாகாமல் குவிகின்றன. சில சொந்த உடம்பையே தாக்குகின்றன.

சரி, வெளியில் பட்டன் அழுத்தினால் உள்ளே யாருக்குச் செய்தி போகுது? 1995-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் என்ற மாணவர், நைரோபியில் மருத்துவம் படித்த விஷ்வா தீட்சித்தின் ஆய்வகத்தில் 'ஃபேட்' என்ற இணைப்புப் புரதத்தைக் கண்டுபிடித்தார். இஸ்ரேலில் டேவிட் வாலாக் குழுவும் தனியாக அதையே கண்டுபிடித்தது. ஃபாஸின் வால் பகுதியில் ஃபேட் ஒட்டிக்கொள்ளும். கேஸ்பேஸ்-8 என்ற நொதியை அழைத்து வரும். அது செல்லை உள்ளிருந்து வெட்டத் தொடங்கும்.

அதே 1995-இல் அமெரிக்க, பிரெஞ்சுக் குழுக்கள் இப்படிப்பட்ட நோயுள்ள குழந்தைகளிடம் ஃபாஸ் ஜீனில் பிழைகளைக் கண்டன. நோய்க்கு ஆல்ப்ஸ் என்று பெயர் வந்தது. இது வெறும் பெயர் சூட்டு விழா இல்லை. புற்றுநோய் என்று பயந்து நின்ற பெற்றோருக்கு வேறொரு விடை கிடைத்தது. இன்று ரத்தப் பரிசோதனையும் ஜீன் பரிசோதனையும் உண்டு, சிரோலிமஸ் போன்ற மருந்தும் உண்டு. ஆனாலும் இவர்களுக்குப் பின்னாளில் லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள்.

ஃபாஸ் ஒன்றுதான் பிரேக் என்று நினைக்க வேண்டாம். மற்ற செல்களை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைக் கண்டறிந்ததற்காகவும், அவற்றுக்குத் தேவையான ஃபாக்ஸ்பி-3 ஜீனைக் கண்டறிந்ததற்காகவும் 2025 நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது. நாம அதிகம் கேள்விப்படுகிற லூபஸ், முடக்குவாதம் போன்றவை பெரும்பாலும் ஒற்றை ஜீனால் வருவதில்லை. பல ஜீன்களும் சூழலும் சேர்ந்துதான் வருது.

அதனால, வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு நோய் இருந்தால், 'பூஸ்டர்' பாட்டிலைத் திறப்பதற்கு முன்னாடி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. அவர்களுக்குத் தரப்படும் பல மருந்துகள் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதற்காகத்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.