கண்டி வழியும் கண்டிச் சோறும்

விடுமுறைக் காலத்தில் நண்பரோடு கூடிக் கண்டி மாநகர் காணச் செல்வது ஈழத்துத் தமிழ் மக்களிடையே நெடுநாளாக வேரூன்றிய வழக்கமாகும். வடக்கிலிருந்து செல்வோர் கட்டுச்சோற்றை வழியில் ஒரு மரநிழலிலே அவிழ்த்துண்டு, தம்புள்ளைக் குகைகளைக் கண்டு, மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கி, மாலையிற் கண்டியை அடைவர். மறுநாள் தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா முதலியவற்றைப் பார்த்து, கித்துள் கருப்பட்டியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு மீள்வர். இவையெல்லாம் எளிதில் நிகழ்வதனால், ஒருவன் தன் விருப்பப்படி கண்டிக்குப் போவதும், உண்பதும், காண்பதும், வேண்டியபோது திரும்புவதும் என்றும் உள்ள இயல்பே என எண்ணத் தோன்றும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்வரை, அரசன் ஆணையின்றிக் கண்டிக்குள் நுழைந்த ஐரோப்பியன் சிறையாளனாகவே அங்கு வைக்கப்பட்டான். அச்சிறையாளன் விருந்தினனாக மாறிய கதை, வழியமைத்த கதையேயாகும். அதே வழி, விருந்தினரின் கிண்ணத்தை நிரப்பிய வேறொரு மக்கட் கூட்டத்தையும் மலைநாட்டிற்குக் கொணர்ந்தது. இவ்விரு செய்திகளையும் ஒருங்குவைத்து ஆராய்வது பயனுடையது.

செங்கடகல என வழங்கிய கண்டி நகர் இயற்கை அரண் வாய்ந்தது. மாவலி கங்கை அதனை வளைந்து ஓட, சுற்றிலும் மலைகளும் அடர்காடுகளும் காவலாய் நின்றன. இவ்வரணைக் கண்டியரசர் மேலும் வலியுறுத்தினர். அகன்ற பாதைகளை அமைப்பதை அவர்கள் விரும்பவில்லை. ஒருவர் பின் ஒருவராய்ச் செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதைகளே போதுமெனக் கருதினர். அப்பாதைகளின் குறுக்கே முள்வாயில்கள் அமைத்துக் காவலர் இருந்தனர். வருவோரும் போவோரும் அங்கே விசாரிக்கப்பட்டனர். இக்கொள்கையின் பயனைப் போர்க்களங்கள் காட்டின. 1594இல் தந்துறையிலும், 1638இல் பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவையிலும் போர்த்துக்கீசப் படைகள் அழிந்தன. 1803இல் ஆங்கிலேயர் கண்டியிற் கைப்பற்றி நிறுத்திய படையும் அதே கதியை அடைந்தது. வழியின்மையே கண்டியின் வலிமையாய் இருந்தது.

இக்காலக் கண்டியின் உணவையும் வாழ்வையும் நமக்கு விரிவாக அறியத் தருபவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயராவர். 1660ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், புயலிற் சேதமுற்ற கப்பலைச் செப்பனிடத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிற்கு வந்த அவரும், கப்பற்றலைவராகிய அவர் தந்தையும், தோழர் சிலரும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். மறு ஆண்டிலே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகனோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அம்மலைநாட்டில் வாழ நேர்ந்தது.

அச்சிறை இரும்புக் கம்பிகளாலான சிறையன்று. கைதிகள் கிராமங்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்குச் சோறளிக்கும் கடமை அரசன் ஆணையால் ஊரார்மேல் விழுந்தது. உணவு கிடைத்தது, வெளியேறும் உரிமை கிடைக்கவில்லை. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். இறுதியில் எலதெத்த என்னும் ஊரில் நிலமும் வாங்கினார்.

அவர் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல் கண்டி மக்களின் உணவைக் கூர்ந்து நோக்கி எழுதப்பட்டது. சோறே தலையாய உணவு. சிறிது உப்பும், சில கீரையிலைகளும், எலுமிச்சஞ்சாறும் மிளகும் சேர்ந்தால் எளியோர்க்கு அது நல்லுணவாகக் கருதப்பட்டது. செல்வர் இல்லங்களில் ஐந்தாறு கறிகள் சமைக்கப்படினும் அவற்றுள் ஒன்றிரண்டே மீனாகவோ இறைச்சியாகவோ இருந்தன, மற்றவை மரக்கறிகளே. நீர் அருந்துவோர் கலத்தை உதட்டிற் படாது உயர்த்தி ஊற்றிக் குடித்தனர். பலாவின் இளங்காயைப் பொலொஸ் என்றும், முற்றிய காயைக் கொஸ் என்றும் மக்கள் வேறுபடுத்தி வழங்கியதையும், சோற்றுக்குத் தட்டான காலத்தில் பலா அவர்களுக்குப் பேருதவி புரிந்ததையும் அவர் குறிப்பிடுகின்றார். கித்துள் மரத்தின் இனிய நீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்யும் முறையும் அவர் நூலில் உண்டு. இன்று கண்டிக்குச் செல்வோர் விரும்பியுண்ணும் பொலொஸ் கறியும் கித்துள் பாணியும் ஒரு சிறையாளனின் ஏட்டிற் பதிவாகி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

நொக்ஸ் தம் நண்பராகிய ஸ்டீபன் றட்லண்ட் என்பவரோடு தப்பிய முறையும் ஈண்டு நோக்கத்தக்கது. அவ்விருவரும் சிறு வணிகர் போல ஊரூராய்ச் சென்று பொருள் விற்று, அந்தச் சாக்கில் வடதிசை வழிகளை அறிந்துகொண்டனர். 1679இல் அநுராதபுரத்தை அடைந்து, அங்கிருந்து அருவியாற்றைத் தொடர்ந்து காட்டினூடே நடந்து, ஐப்பசி மாதத்தில் மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு என்னும் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். வாசகர் இவ்வழியை நினைவிற் கொள்க. கண்டியினின்று விடுபட விரும்பிய இரு நண்பர் மன்னாரை நோக்கி நடந்தனர். பிற்காலத்தில் மன்னாரிலிருந்து கண்டியை நோக்கி ஆயிரமாயிரம் பேர் நடக்கலாயினர்.

1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் முடியிழந்து, வேலூரிற் சிறைவைக்கப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர்நீத்தான். கண்டியைப் படையால் அடைந்த ஆங்கிலேயர், அதனை வழியால் ஆளத் துணிந்தனர். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்திற் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு வெட்டப்பட்டது. அதனை வகுத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுந்த கோபுரத்தைக் கடுகண்ணாவையில் இன்றும் காணலாம். மலையைத் துளைத்து வழி அமையும்வரை கண்டியை எவரும் வெல்லார் என்றொரு பழம் நம்பிக்கை மக்களிடையே இருந்ததென்பர். அங்கே பாறையும் துளைக்கப்பட்டது. இத்தெருவின் வேலை இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தைக்கொண்டு மக்களிடம் வாங்கப்பட்டது. 1832இல் அஞ்சல் வண்டி ஓடத் தொடங்கியது. 1833இற் பேராதனையில் மாவலியைக் கடக்க முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் அமைந்து, 1905 வரை நிலைத்தது. 1867இற் புகையிரதமும் கண்டியை அடைந்தது. முள்வாயில்கள் இருந்த நாட்டில் இப்பொழுது விடுதிகள் தோன்றின.

எனினும், தெருவும் இருப்புப் பாதையும் பயணிகளின் இன்பத்திற்காக அமைந்தவையல்ல. முதலிற் படையும், பின்னர்க் கோப்பியுமே அவற்றின் நோக்கம். தெருவெட்டிய பாண்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். 1638இற் போர்த்துக்கீசர் படை மாண்ட அதே கன்னொறுவைதான் அது. கோப்பி பழுக்கும் பருவத்திற்கு ஆட்கள் தேவைப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளில் வறுமையால் வாடிய உழவர் மக்கள் கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்தனர். நீரின்மையாலும், காய்ச்சலாலும், வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் பலர். மாத்தளையை அடைந்தவர் மாரியம்மனைத் தொழுது தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். அவர்கள் உண்ட அரிசி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. தோட்டத்தார் அதனை அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் கழித்துக்கொண்டனர். நொக்ஸுக்கு ஊரார் சோறு விலையின்றிக் கிடைத்தது. இவர்களோ தம் சோற்றிற்குத் தாமே கடன்பட்டனர்.

1869இற் கோப்பி இலைகளிற் பரவிய நோய் அப்பயிரை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி பருவப் பயிர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டியது. ஆதலின் வந்து போய்க்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பமாக லயங்களில் நிலைகொள்ளலாயினர். பயணிகள் புகழ்ந்து நோக்கும் பச்சை மலைச்சரிவுகள் இவ்வாறு தோன்றியவையே. அவை இயற்கை வரைந்த ஓவியமல்ல. காட்டை வெட்டி, கல்லை அகற்றி, கைகளால் ஆக்கிய வயல்கள்.

இந்தப் புதிய கண்டிக்கு 1911ஆம் ஆண்டின் இறுதியில் வந்தவர் ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. ஓவியராகிய ஹான்ஸ் ஸ்டூர்ட்செனெக்கர் என்னும் நண்பரோடு அவர் மேற்கொண்ட கீழைநாட்டுப் பயணத்தில் கண்டியும் ஓரிடமாயிற்று. அவருடைய தாய்வழிப் பாட்டனார் மலையாள அகராதி இயற்றிய ஹெர்மன் குண்டர்ட் ஆவர். தாயார் கேரளத்திற் பிறந்தவர். ஆதலின் பெரும் ஆவலோடு கீழ்த்திசையை நாடியவர் ஹெஸ்ஸே. ஆயினும் கண்டியில் அவரைக் குடல்நோய் வருத்தியது. 1913இல் வெளியான அவரது பயண நூலில் அந்நோயும், ஓரிரவு தலதா மாளிகைக்குச் சென்று வந்த அனுபவமும் இடம்பெறுகின்றன. நொக்ஸுக்கு உண்ண முடிந்தது, போக முடியவில்லை. ஹெஸ்ஸேக்குப் போக முடிந்தது, உண்ண முடியவில்லை. ஒருவர் இருபது ஆண்டுகள் தங்கி மக்களின் அடுப்பங்கரை வரை அறிந்தார்; மற்றவர் சில நாள்களிற் கண்டு மீண்டார். விரைந்து செல்வோர்க்கு வழி பல காட்சிகளைத் தருகின்றது. ஆனால் அக்காட்சிகளின் பின்னே உள்ளோரை அது எளிதிற் காட்டுவதில்லை.

அவ்வாறு கண்ணுக்குத் தப்புவன கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பல உள. கண்டிக்கு அருகே கம்பளை அரசர் காலத்தில் 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரம் தென்னிந்தியக் கற்றளி முறையில் அமைந்தது. கணேசுவராசாரியார் என்னும் சிற்பியின் பெயரை அதன் சாசனம் கூறுகின்றது. அதனை அடுத்துள்ள லங்காதிலக விகாரத்துப் பாறையிற் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. கண்டி நகரின் நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினித் தெய்வத்திற்குரியது. அத்தெய்வம் தமிழர் போற்றும் கண்ணகியே. ஒன்று கதிர்காமக் கடவுளுக்குரியது. நகரின் அழகிய வாவி, நாயக்க மன்னனின் ஆசையால் எழுந்தது. அதனை வெட்டிய குடிமக்களின் துன்பமோ பிரதானிகளின் வெறுப்புக்கும் ஒரு காரணமாயிற்று. மாத்தளைச் சாலையோரத்து வாசனைப் பயிர்த் தோட்டங்களிற் காட்டப்படும் கறுவா இந்நாட்டுக்குரியது. கராம்பும் சாதிக்காயும் மொலுக்காத் தீவுகளிலிருந்து வந்தவை. 1821இற் பேராதனையில் அமைந்த தாவரப் பூங்காவும் பல நாட்டு மரங்கள் ஒருங்கு வாழும் இடமாகும். கண்டியின் கல்லிலும், வழிபாட்டிலும், கறியிலும் பல நாட்டார் கை கலந்திருக்கின்றது.

வந்து வேரூன்றிய மரங்களை அன்போடு பேணிய நாடு, வந்து வேரூன்றிய மாந்தரை அவ்வாறு ஏற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்ய விடப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. மூன்று தலைமுறைக்கு மேலாக மலையிற் பிறந்து மலையில் மடிந்தவரும், சட்டத்தின் கண்ணில் வழிப்போக்கராகவே வைக்கப்பட்டிருந்தனர்.

இங்கே வடபுலத்தார்க்கும் ஒரு பொறுப்பு உண்டு. அன்று நாடாளுமன்றத்திலே தமிழ்ப் பிரதிநிதிகள் அனைவரும் அத்தொழிலாளர் பக்கம் நிற்கவில்லை. அவர் நடந்த வழியிலேயே பேருந்தில் மாத்தளைக்குச் சென்று, அவர் எழுப்பிய கோயிலிலே கைகூப்பி, அவர் பறித்த கொழுந்தின் தேநீரை அருந்தி மீளும் மாணவன், அவரைத் தன் இனத்தார் எனச் சொல்வதற்கு முன், அவரது வரலாற்றைக் கற்றல் வேண்டும்.

கண்டிக்குச் செல்லும் குழுவினர் தலதா மாளிகையையும் பூங்காவையும் கண்டு மகிழ்வது தக்கதே. அவற்றோடு கடலாதெனியவுக்கும் ஒரு பொழுது ஒதுக்கி, லங்காதிலகத்துத் தமிழ் எழுத்தையும் நோக்குக. மாத்தளைச் சாலையிலே கட்டுச்சோறு அவிழ்க்கும்பொழுது, அதே சாலையில் ஒரு நூற்றாண்டுக்கு முன் பசியோடு நடந்தோரையும் நினைக்க. விருந்தினனுக்கு அழகு, உண்ட உணவை யார் ஆக்கினார் எனக் கேட்டறிவதாகும். அவ்வாறு கேட்கும் பயணமே கல்விச் சுற்றுலா என்னும் பெயருக்கு உரியது.