பெருங்குடல் புற்றுநோய் மீள்வரவைத் தடுத்தல்

அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி முடிந்தபின் நோய் திரும்பாதிருக்க மேற்கொள்ளும் வாழ்க்கைமுறை மாற்றங்கள். மீள்வரவுகளில் பெரும்பாலானவை முதல் 3 ஆண்டுகளுக்குள் நிகழ்கின்றன.

வலுவான சான்று உடற்பயிற்சிக்கே உண்டு. 2025இல் வெளியான ‘சேலஞ்ச்’ ஆய்வில் 889 பேர் பங்கேற்றனர். 3 ஆண்டுகள் பயிற்றுநர் துணையுடன் உடற்பயிற்சி செய்தவர்களில் 80.3 விழுக்காட்டினர் 5 ஆண்டுகள் கழித்தும் நோயின்றி இருந்தனர். கையேடு மட்டும் பெற்றவர்களில் இது 73.9 விழுக்காடு. வாரத்தில் மூன்று, நான்கு நாள் முக்கால் மணிநேர வேகநடை இந்தப் பயிற்சிக்கு ஈடாகும். ஏரிக்கரையிலோ வரப்பிலோ நடந்தாலும் பலன் ஒன்றே.

சேலம், நாமக்கல் சமவெளியில் உணவுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் நார்ச்சத்தும் கால்சியமும் தரும். மாறாக, ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசியில் நார்ச்சத்து அநேகமாக இல்லை. குடல் தையல் ஆறும்வரை மட்டும் களியைத் தள்ளிவைத்து இட்லி, மோர்சாதம் உண்பது நல்லது. புகையிலையும் மதுவும் அறவே கூடாது.

துணைமருந்துகளில் ஆஸ்பிரின் குறிப்பிடத்தக்கது. நார்டிக் நாடுகளின் ‘அலாஸ்கா’ ஆய்வில் (2025), பிஐகே3சிஏ வகை மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு நாள்தோறும் 160 மி.கி. கொடுத்ததில் மீள்வரவு ஏறத்தாழ பாதியானது. குடலில் இரத்தக்கசிவு உண்டாக்கக்கூடிய மருந்து இது. மரபணுச் சோதனையும் மருத்துவர் சீட்டும் இல்லாமல் கடையில் வாங்கி விழுங்குவது ஆபத்து. வைட்டமின் டி, குறைபாடு இருந்தால் மட்டுமே தேவை. சிஇஏ எனும் புற்றுக்குறிப்புப் புரதத்துக்கான இரத்தப் பரிசோதனை, ஓராண்டில் கொலனோஸ்கோபி (பெருங்குடல் அகநோக்கல்) ஆகியவற்றுக்கு இவை எதுவும் மாற்றல்ல.