குதிரும் கோட்டியும்: தானியச் சேமிப்பு, அரவைச் சொற்களின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்னும் பழமொழியை இந்தியில் பெயர்க்க முற்படுவோர் முதலில் அகராதியை நாடுவர். குதிர் என்பதற்கு நேராகக் ‘கோட்டி’ என்னும் இந்திச் சொல் கிடைக்கும். அது பிழையன்று, இந்தியில் கோட்டி தானியம் கொட்டிவைக்கும் கலத்தையும் குறிக்கும். ஆயினும் தில்லிக் கரோல் பாக் தெருக்களில் கோட்டி என்றால் பெரிய பங்களா வீடு. கடன்காரனுக்கு அஞ்சித் தானியக் கலத்துக்குள் பதுங்கிய தந்தையைத் தன் மறுமொழியாலேயே காட்டிக்கொடுத்துவிடும் சிறுவன், மொழிபெயர்ப்பில், “அப்பா பங்களாவில் இல்லை” என்று சொல்லி நின்றுவிடுவான். நகையும் போயிற்று, குதிரும் போயிற்று. (நெல்லைத் தமிழில் கோட்டி என்றால் பித்து என்பதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.)

இப்பிழையை அகராதியின்மேல் ஏற்றுவதற்கில்லை. பொருள் வழக்கொழிந்தபின் சொல் மட்டும் எஞ்சி நிற்பதால் நேர்வது இது. குதிர் என்பது இன்னதெனத் தமிழ் வாசகர்க்கே விளக்க வேண்டிய நிலை வந்துள்ளது. களிமண்ணோடு வைக்கோல் கூளம் கலந்து பிசைந்து, வளையம் வளையமாக உறை செய்து, வெயிலில் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளியை மண்ணால் பூசுவர். மேல்வாய் வழியே நெல்லைக் கொட்டி, மூடியிட்டு, மண்ணும் சாணமும் கொண்டு மெழுகிவிடுவர். எடுப்பதற்கு அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதனைத் துணியால் அடைத்துவைப்பர். முதலில் போட்ட நெல்லே முதலில் வெளிவருவது இவ்வமைப்பின் நுட்பம். ஆள் உயரத்தையும் விஞ்சி நிற்பதாதலின் தந்தை அதனுள் பதுங்கியது கற்பனையாகவே இருப்பினும் பொருந்தாக் கற்பனை அன்று.

சேமிப்புக் கலங்களுக்குத் தமிழில் ஒரு பெயர் அன்று, பல பெயர்கள் உள. கரிசல் நாட்டார் குலுக்கை என்பர். பலகை அடைத்துச் செய்வது பத்தாயம். வைக்கோற் பிரியைச் சுற்றிச் சுற்றி எழுப்புவது சேர். இது தஞ்சைப் பகுதியில் பெருவழக்கு. விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து பிரியால் இறுக்கிக் கட்டுவது கோட்டை. அதுவே தென்பாண்டி நாட்டில் முகத்தலளவையின் பெயருமாயிற்று. இவை அனைத்தையும் ‘களஞ்சியம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கும் போக்கு அண்மைக்கால மொழிபெயர்ப்புகளில் மிகுதி. களஞ்சியம் கட்டடம், குதிர் கலம். முன்னது அரசுக்கும் கோயிலுக்கும் பெருநிலக்கிழார்க்கும் உரியது. பின்னது அடுக்களைக்கு அடுத்த அறையில் நிற்பது.

பெரும்பாணாற்றுப்படை மருதநிலத்து உழவர் வீடுகளைச் சொல்லுமிடத்து, ஏணிக்கும் எட்டாத உயரமுடையதும், முகட்டைத் திறந்து தானியம் பெய்யப்பெற்றதுமான நெற்கூட்டினைக் காட்டுகிறது. அதில் இருப்பது பழைய தானியம் என்பது கருதத்தக்கது. புதுநெல் அரிசி குழையும். ஓராண்டு பழகிய நெல்லின் அரிசியே உதிர்ந்து நிற்கும். எனவே நெடுங்காலச் சேமிப்பு பஞ்சத்துக்கு அஞ்சிச் செய்ததாக மட்டும் கொள்ளற்பாலதன்று. சுவை பற்றியதும் ஆகும்.

கோட்டி என்னும் சொல்லுக்கு மீள்வோம். வடமொழிக் ‘கோஷ்ட’ என்பதிலிருந்து பிறந்த சொல் அது. அதே மூலத்துக் ‘கோஷ்டாகார’ என்பது தமிழில் கொட்டாரம் ஆயிற்று. திருவரங்கம் கோயிலில் வட்டமாக ஓங்கி நிற்கும் நெற்களஞ்சியங்கள் திருக்கொட்டாரம் எனப்படுகின்றன. மலையாளத்திலோ கொட்டாரம் அரண்மனை. வடக்கே தானியக் கலம் பங்களாவாயிற்று. தெற்கே தானியக் கூடம் அரண்மனையாயிற்று. தானியம் உள்ளவனே செல்வன் என்றிருந்த காலத்தின் எச்சமாக இதனைக் கருதலாம். இரு திசைகளிலும் தனித்தனியே ஒரே மாற்றம் நிகழ்ந்திருப்பதே இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

கரோல் பாக்கின் ஓரத்தில் இவ்வரலாற்றின் மற்றொரு கிளை உள்ளது. அங்குள்ள பூசா சாலை வழியே நாள்தோறும் செல்லும் தமிழர் பலர். 1923-இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்றும் அச்சாலையில் உள்ளது. பூசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கரின் நன்கொடையைக் கொண்டு 1905-இல் அங்கு வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1934 சனவரியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தமையால், நிறுவனம் 1936-இல் தில்லிக்குப் பெயர்ந்தது. ஊர்ப்பெயரும் உடன் வந்தது. ‘பிப்ஸ்’, ‘யு.எஸ்.ஏ.’ என்பவற்றின் சேர்க்கையே பூசா எனச் சிலர் கூறும் விளக்கம் பொருந்தாது. கிழக்கிந்தியக் கம்பெனியார் குதிரைப்பண்ணை வைத்திருந்த காலத்திலேயே அவ்வூர்க்கு அப்பெயர் இருந்தது.

அந்நிறுவனத்தார் வீட்டுச் சேமிப்புக்கென வடிவமைத்ததே ‘பூசா பின்’. சுடாத மண்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே 700 கேஜ் பாலிதீன் தாளை உறைபோல் வைப்பர். எலி குடையாதிருக்க அடிப்பகுதிக்குச் சுட்ட செங்கல். மேலே தானியம் கொட்டும் வாய். கீழே எடுக்கும் குழாய். ஈரம் உட்புகாது, காற்றும் எளிதில் புகாமையால் உள்ளிருக்கும் வண்டு மூச்சடைத்து மடியும். இதன் அமைப்பைப் படித்தவுடன் தமிழ்ச் சிற்றூரார் ஒருவர், “இது குதிர்தானே, நடுவில் ஒரு தாள் இருக்கிறது” என்பார். அவர் கூற்று சரியே. ஆதலின் வேளாண் விரிவாக்கக் குறிப்புகளில் இதனைப் ‘பூசா தொட்டி’ என்றோ ‘பின்’ என்றோ எழுதுவதினும் ‘பூசா குதிர்’ என்று எழுதுதலே தக்கது. தொட்டி என்றால் தண்ணீர் நினைவுக்கு வரும். தானியத்துக்கு ஆகாதது தண்ணீரே.

அவ்வாறாயின் பழமொழியை எவ்வாறு பெயர்ப்பது? மண்ணாலான தானியக் கலத்துக்கு இந்தியில் ‘குட்லா’ என்னும் சிற்றூர்ச் சொல் உண்டு, பஞ்சாபியில் ‘படோலா’. 1947-க்குப்பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்து கரோல் பாக்கில் குடியேறிய குடும்பங்களின் முதியோர்க்குப் படோலா தெரிந்த பொருள். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்குக் குதிர் தெரியாதது போலவே. எனினும் குட்லாவே சரியான பெயர்ப்பு. தெரியாத சொல்லைக் கேட்டறியலாம். தெரிந்த சொல் தவறான பொருள் தந்தால் எவரும் கேளார்.

அரவைச் சொற்களில் சிக்கல் வேறு வகையானது. நெல்லுக்கு உமியே காப்பு. ஆதலால் நெல்லாகச் சேமித்து, வேண்டும்போது குத்திக்கொண்டனர். கோதுமையையும் மணியாகவே வைத்து, சில நாட்களுக்கு வேண்டியதை மட்டும் திரித்துக்கொள்வது வடநாட்டு வழக்கம். முளைக்கருவில் எண்ணெய் உள்ளமையால் முழுக்கோதுமை மாவு நாட்பட்டால் சிக்கு நாறும். ஒன்று குத்துவது, மற்றொன்று திரிப்பது. தமிழில் குத்து, இடி, திரி, அரை, ஆட்டு, உடை என வினைகள் தனித்தனி. உலர்ந்ததைத் திரிகையில் திரிப்பர், நனைந்ததை உரலில் ஆட்டுவர். இந்தியிலும் இந்நுட்பம் உண்டு: கூட்னா குத்துவது, பீஸ்னா அரைப்பது, தள்னா பருப்பு உடைப்பது, ‘தால்’ இதனோடு இனமான சொல். ஆங்கிலம் வழியாகப் பெயர்ப்போரே இவ்வேறுபாடுகளை இழக்கின்றனர். ‘ஆட்டா’வும் ‘ஆட்டு’வும் ஒலியால் ஒத்திருப்பது தற்செயல், உறவு கற்பித்தல் ஆகாது.

1934-இல் அமைந்த அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கம், தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் பணியால், ஆலையரிசிக்கு எதிராகக் கைக்குத்தலை வலியுறுத்தியது. 1958-இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தும் மையச் சட்டமும் வந்தது. ஆயினும் எஞ்சியது ‘கைக்குத்தல் அரிசி’ என்னும் தொடர், உலக்கை எஞ்சவில்லை. உலக்கையோடு வள்ளைப்பாட்டும் சென்றது.

சக்கி மட்டும் தெருவில் நிலைத்தது. வீட்டுக் கோதுமையைக் கழுவி உலர்த்தி எடுத்துச்சென்று, பிறர் மாவு கலவாதிருக்கக் கல்லருகே காத்து நிற்பது தில்லியில் குடியேறிய தமிழ்ப் பெண்டிர் புதிதாகக் கற்ற வழக்கம். முறுக்குக்கு அரிசி கொண்டுசென்றால், கல்லில் தங்கிய கோதுமையைப் போக்க முதற்பிடி அரிசியைத் தள்ளிவிட வேண்டும். இத்தொழிலுக்கு அவர்கள் ஆளும் சொல் ‘மிஷினில் அரைப்பது’. திரிப்பது என்பது அங்கு மறைந்தது.

இறுதியாக ஒரு சொல். இரண்டாம் உலகப்போர்க் காலப் பங்கீடும், 1955-இன் இன்றியமையாப் பண்டங்கள் சட்டமும் ‘பதுக்கல்’ என்பதை நாளிதழ்ச் சொல்லாக்கின. சங்க இலக்கியத்தில் ‘பதுக்கை’ என்பது பாலைவழியில் மாண்டோரை மூடிய கற்குவியல். மறைத்தலே இரண்டற்கும் அடிப்படை. ஓராண்டு நெல்லைக் குதிரிலிடுவதில் மறைவேதும் இல்லை. வீட்டுக்கு வந்தோர் எல்லாம் கண்ட கலம் அது. எனினும் உழவரின் வீட்டிருப்பையும் வணிகரின் மறைவிருப்பையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழிபெயர்ப்புகளைக் காண்கிறோம். ‘இருப்பு’ என்னும் சொல் இரண்டற்கும் பொதுவாக நிற்கவல்லது. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஆவணங்களில் அதனையே ஆளலாம்.