பதிப்போவியம்

ஒரு பரப்பில் செதுக்கியோ கீறியோ, மை தடவித் தாளில் ஒற்றி எடுக்கும் ஓவியம் பதிப்போவியம். வேர்ச்சொல் ‘பதி’: அழுந்து, ஊன்று. காலடி பதிவதும், கிளையைப் பதியம் போடுவதும், நூல் பதிப்பதும் இதே வேர்தான். ‘அச்சோவியம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அச்சு என்றதும் இன்று இயந்திரம் நினைவுக்கு வருகிறது.

ஆனால் ஜப்பானிய மரக்கட்டை ஓவியமான ‘மொகுஹாங்கா’வில் இயந்திரமே கிடையாது. செர்ரி மரப்பலகையில் செதுக்கி, நீரில் கரைத்த வண்ணத்தோடு அரிசிப்பசை கலந்து தடவி, ஈரத் தாளை விரித்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ என்னும் வட்டக் கருவியால் கையாலேயே தேய்ப்பார்கள். வண்ணம் தாளின் இழைக்குள் இறங்கிவிடும். வரைவதும் செதுக்குவதும் ஒற்றுவதும் முன்பு தனித்தனி ஆட்களின் வேலை. 1904இல் ஜப்பானிய ஓவியர் யமமோட்டோ கனாயே மூன்றையும் தாமே செய்தார்; அந்தப் படம் ஒரு மீனவரைக் காட்டுகிறது. வடசென்னையின் காசிமேட்டு மீன்பிடிக் கரை தெரிந்தவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும்.

ஜப்பானியக் கலையை வடசென்னையோடு இணைக்க ஒரு பெயரும் உண்டு: வியாசர்பாடியை ஒட்டிய எம்.கே.பி. நகர், மகாகவி பாரதி பெயரைத் தாங்கிய பகுதி. ஜப்பானியக் குறுங்கவிதையான ஹைக்கூவின் சொற்சிக்கனத்தை 1916இலேயே தமிழருக்கு எடுத்துச் சொன்னவர் பாரதி. அதே சிக்கனம்தான் மொகுஹாங்காவுக்கும் உயிர்: ஒரு பலகை, ஓர் உளி, கொஞ்சம் வண்ணம். இதை முறையாகக் கற்கவும் இடமுண்டு: 1850இல் தொடங்கிய சென்னை எழும்பூர்க் கவின்கலைக் கல்லூரியில் பதிப்போவியம் தனிப் பாடம். வடசென்னைப் பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது இதையும் நினைவில் வைக்கலாம்.