விகிதம் சரி, வாத்தியார் எங்கே?

ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், முப்பது பிள்ளைகள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இது சர்வசாதாரணமான கணக்கு. முப்பதை இரண்டால் வகுத்தால் பதினைந்து. ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து மாணவர்! காகிதத்தில் பார்த்தால் கிராமத்துப் பிள்ளைதான் அதிர்ஷ்டசாலி. ஆனால் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே டீச்சர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பதினைந்துக்கு என்ன அர்த்தம்?

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. இருநூறு வருடக் கதை.

1822-ல் சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். கடலூரில் இருந்த தென்னாற்காடு கலெக்டரும் பதில் எழுதினார். 1826-ல் எல்லாவற்றையும் தொகுத்தபோது வந்த எண்ணிக்கை 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். (அதில் பெண்கள் வெறும் 4,540 பேர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) வகுத்துப் பாருங்கள். பள்ளிக்குச் சராசரி பதினைந்து பேர்! இன்றைய கிராமப் பள்ளியின் அதே பதினைந்து.

அன்றைய திண்ணைப் பள்ளியில் பொதுவாக ஒரே வாத்தியார்தான். அவர் எல்லோரையும் கவனிக்க முடியாது. அதற்காக ஏற்பட்டவர்தான் சட்டாம்பிள்ளை. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான், வாத்தியார் மேற்பார்வை பார்ப்பார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மாதிரிப் பள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு, 1797-ல் இங்கிலாந்தில் புத்தகமே போட்டார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரபலமானது. ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்க நம் ஊர் கண்டுபிடித்த வழி, ஏற்றுமதிச் சரக்காகவே ஆகிவிட்டது!

மன்றோ கணக்கெடுப்போடு நிற்கவில்லை. ஒரு வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, இந்த வருமானத்துக்குத் தகுதியானவர்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டார். அவர் போட்ட திட்டத்தில் மாவட்டத் தலைமையிடப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாலுகா பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். கிராமத்து வாத்தியார்? அவர் பழையபடி பிள்ளைகள் தரும் காசை நம்பித்தான். மன்றோ 1827-ல் இறந்துபோனார், 1836-ல் அந்தத் திட்டமும் மூடப்பட்டது. ஆனால் ஊர் பெரிதானால் சம்பளம் பெரிது என்ற ஏணி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இன்று அடிப்படைச் சம்பளம் எங்கும் ஒன்றுதான். வீட்டு வாடகைப்படி அப்படியல்ல, பணிபுரியும் ஊரின் தரத்தைப் பொறுத்தது. சென்னையில் அதிகம், கிராமத்தில் குறைவு. கிராமத்தில் வாடகை குறைவுதானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் டவுனில் குடியிருந்துகொண்டு தூரத்துக் கிராமத்துக்குப் போய் வரும் ஆசிரியருக்கு வாடகை டவுன் கணக்கு, படி கிராமத்துக் கணக்கு, பஸ் செலவு தனி. கடலூர் - சிதம்பரம் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மங்குப்பம், ஆலப்பாக்கம் பக்கமெல்லாம் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்விடலாம். அதே சாலையை விட்டு இறங்கி, மினி பஸ்ஸையோ ஷேர் ஆட்டோவையோ நம்பிப் போக வேண்டிய ஊர் என்றால் கதை வேறு. மாறுதல் கலந்தாய்வில் எந்த இடம் முதலில் காலியாகும், எது கடைசிவரை அப்படியே கிடக்கும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பிரச்சினை அரசாங்கத்தையே உலுக்கியது. 1953-ல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை 'குலக்கல்வி' என்ற பெயரில் எல்லோருக்கும் தெரியும். தந்தையின் தொழிலைப் பிள்ளை கற்க வேண்டும் என்ற பகுதிதான் பெரிய போராட்டமாக வெடித்தது, வெடிக்க வேண்டியதும்தான். ஆனால் அதற்குள் ஒரு ஆசிரியர் கணக்கும் இருந்தது. பள்ளி நேரத்தை மூன்று மணி நேர ஷிப்டுகளாகப் பிரித்து, பாதிப் பிள்ளைகள் காலையில், மீதிப் பாதி அடுத்த ஷிப்டில். அதே ஆசிரியர், அதே கட்டடம், இரண்டு மடங்கு பிள்ளைகள்! புதிதாக ஆள் எடுக்க வேண்டாம், செலவும் இல்லை. கவனிக்க வேண்டிய விஷயம், இந்தத் திட்டம் கிராமப் பள்ளிகளுக்கு மட்டும்தான். நகரத்துப் பிள்ளைக்கு முழு நேர வாத்தியார், கிராமத்துப் பிள்ளைக்கு அரை வாத்தியார்.

1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது. சரி, ஆசிரியர்களுக்கு எங்கே போவது? படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களைக் கிராம ஆசிரியர்களாக்க மத்திய அரசு 1953-ல் ஒரு திட்டம் போட்டிருந்தது. காமராஜர் அரசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு துணையோடு பள்ளியே இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஓராசிரியர் பள்ளி என்றால் இன்று குறையாகப் படுகிறது. அன்று, பக்கத்து ஊர்வரை நடக்க வேண்டியிருந்த பிள்ளைக்கு அதுதான் வரம். அப்படித் தொடங்கியதில் தப்பே இல்லை. ஒன்று, இரண்டாவதற்கே முப்பது வருடத்துக்கு மேல் ஆனதுதான் வருத்தம். 1986 தேசியக் கல்விக் கொள்கையின்படி 1987-ல் வந்த கரும்பலகைத் திட்டம்தான், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு ஆசிரியர் வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சொன்னது.

2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் அந்த இரண்டிலிருந்துதான் தொடங்குகிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 120 வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து. ஐந்து வகுப்புக்கும் தனித்தனி ஆசிரியர் கிடைக்க ஒரு பள்ளியில் 121 பிள்ளைகளாவது இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் என்கிறது அதே சட்டம். 150 பிள்ளைகளும் ஐந்து ஆசிரியர்களும் உள்ள டவுன் பள்ளியில் விகிதம் 30. ஒவ்வொரு வகுப்புக்கும் 800 மணி நேரமும் ஆசிரியர் உண்டு. 30 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள கிராமப் பள்ளியில் விகிதம் 15. ஆனால் இரண்டு பேரின் 1600 மணி நேரத்தை ஐந்து வகுப்புக்குப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு 320 மணிதான்! ஐந்து வருடத்தில் டவுன் பிள்ளைக்கு 4000, கிராமத்துப் பிள்ளைக்கு 1600. இது இரண்டு பேரும் தினமும் வந்தால். ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ தேர்தல் வேலையிலோ இருக்கும் நாளில் மறுபடியும் 1954-தான். சட்டாம்பிள்ளையும் திரும்பி வந்துவிடுவான்.

பல வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்தவும் முறைகள் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆந்திராவின் ரிஷிவேலியில் சிறு கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்துத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவியது. நல்ல ஆசிரியர் கையில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் அட்டையைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்கும் பிள்ளைக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 அன்றைய தலைக்கணக்கை வைத்துப் பணியிடம் நிர்ணயமாகிறது. அதனால்தான் மே, ஜூன் மாதங்களில் கிராமத்து ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்கிறார்கள். 61 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டால் 60. மூன்றாவது ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார். பணி நிரவலில் அவர் வேறு பள்ளிக்குப் போவார். மீதி 60 பேருக்கும் ஐந்து வகுப்பு அப்படியேதான் இருக்கும்.