கணக்காளர் மேயரும் கடனில் மூழ்கிய நகரமும்

போன பொதுக்குழுவில் ஒரு யோசனை வந்தது. பராமரிப்புக் கட்டண பாக்கி வசூலாகும்வரை, பெயின்ட் அடிக்க ஒதுக்கிய பணத்திலிருந்து வாட்ச்மேன் சம்பளம் கொடுத்தால் என்ன? பாக்கி வந்ததும் திருப்பி வைத்துவிடலாமே என்றார்கள். எனக்கு 1975-ன் நியூயார்க் ஞாபகம் வந்தது. அன்று சொல்ல நேரமில்லை. இங்கே எழுதுகிறேன்.

அப்போதைய மேயர் ஏப்ரகாம் பீம் தொழிலால் கணக்காளர். அதற்கு முன் அந்த நகரின் கணக்கு வழக்கைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலராகவும் இருந்தவர். ஆனால் கோளாறு 1960-களிலேயே தொடங்கிவிட்டது. பாலம், பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்கான மூலதன பட்ஜெட்டில் அன்றாடச் செலவுகளையும் நுழைத்தார்கள். வருமானத்தை வசூலாகும் முன்பே வரவு வைத்தார்கள். செலவை மட்டும் பணம் கொடுத்த அன்றுதான் எழுதினார்கள். பி.காம். முதலாண்டில் நாங்கள் இப்படி எழுதியிருந்தால் நோட்டு பறந்து வந்திருக்கும்! வரவேண்டிய வரியைக் காட்டிக் குறுகிய காலக் கடன் பத்திரங்களை விற்றார்கள். அந்த வரியில் நகராட்சியே கையகப்படுத்திவிட்ட கட்டடங்களின் வரியும் சேர்ந்திருந்தது. அதை யார் கட்டுவார்கள்? ஒரு பத்திரம் முதிர்ந்தால் இன்னொன்றை விற்று அடைப்பது. 1975-ல் குறுகிய காலக் கடன் மட்டும் சுமார் 600 கோடி டாலர்.

பெயின்ட் பணத்தைத் தொட வேண்டாம் என்று அடுத்த கூட்டத்தில் நான் சொல்லப்போவது இதனால்தான்.

அந்த ஆண்டு மார்ச், ஏப்ரல் வாக்கில் பத்திரங்களை வாங்க ஆளில்லாமல் போனது. ஜூனில் மாநில அரசு ஒரு தனிக் கழகத்தை அமைத்தது. நகரின் விற்பனை வரி நேராக அதற்குப் போகும். அந்த வரியை ஈடாகக் காட்டிக் கழகம் நீண்டகாலப் பத்திரம் விற்கும். செப்டம்பரில் நிதிக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. மேயர் கையெழுத்து மட்டும் இனிப் போதாது. போலீஸ், தீயணைப்பு, பள்ளி என்று எல்லாத் துறையிலும் ஆட்குறைப்பு. சுரங்க ரயில் கட்டணம் 35 சென்டிலிருந்து 50 சென்ட் ஆனது.

அக்டோபர் 17 அன்று முதிர்ந்த பத்திரங்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்குக் கழகப் பத்திரம் வாங்கினால்தான் தப்பிக்கலாம். முதலில் மறுத்துவிட்டார்கள். திவால் அறிவிப்பு தயாராக இருந்தது. பிற்பகலில்தான் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் ஒப்புக்கொண்டார். பென்ஷன் வாங்குகிற என்னால் அந்த மறுப்பைக் குறை சொல்ல முடியவில்லை. அவர்களின் சக ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் அப்போதுதான் வேலையிழந்திருந்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, நகரைக் காப்பாற்றும் மசோதா எது வந்தாலும் நிராகரிப்பேன் என்றார் ஜனாதிபதி ஃபோர்டு. நகரமும் மாநிலமும் வரியை ஏற்றி, செலவை இன்னும் வெட்டிய பிறகு மனம் மாறினார். டிசம்பரில் ஆண்டுக்கு 230 கோடி டாலர் வரை கடன் தரச் சட்டம் வந்தது. அரசு தான் கடன் வாங்கும் வட்டிக்கு மேல் ஒரு சதவீதம் கூடுதல் வட்டி. வாங்கியதெல்லாம் வட்டியோடு அடைக்கப்பட்டது. ஒழுங்கான கணக்கு முறைப்படி பட்ஜெட்டில் துண்டு விழாமல் செய்ய 1981 ஆயிற்று.

1847 முதல் இலவசமாக இருந்த நகரப் பல்கலைக்கழகப் படிப்புக்கு 1976-ல் கட்டணம் விதித்தார்கள். அதை இன்றும் வசூலிக்கிறார்கள்.