தகைப்பை அளந்த கம்பி: மின்தடை விகாரமானியின் வரலாறு

பாரந் தாங்கும் உருக்குச் சட்டமொன்றினுள் நிலவும் தகைப்பைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். பொறியியலாளர் அதனைக் கணித்து அறிகின்றனர். அல்லது அத்தகைப்பினால் விளையும் உருமாற்றத்தை அளந்து உய்த்துணர்கின்றனர். முன்னையது எண்ணிப் பெறுவது. பின்னையது அளந்து பெறுவது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் என்னும் நம்பிக்கையின் மீதே பாலங்களும் கொதிகலன்களும் ஆகாயவிமானங்களும் எழுந்து நிற்கின்றன. அந்நம்பிக்கை பொய்த்தவிடத்து நேர்ந்த கேட்டினை 1954 இல் உலகு கண்டது.

அளத்தற் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டறிந்தவர் பெயரையும் ஆண்டினையும் குறித்து அமைவர். ஆயின் மின்தடை விகாரமானியைப் பொறுத்தவரை அவ்வாறு குறித்தல் இரு வினாக்களை விடையின்றி விட்டுவிடுகின்றது. அக்கருவிக்கு அடிப்படையான பௌதிக விளைவு 1856 இலேயே அறியப்பட்டிருந்தும், அது பொறியியலாளர் கைக்கு வர 82 ஆண்டுகள் கழிந்தமைக்குக் காரணம் யாது? கைக்கு வந்து பதினாறு ஆண்டுகள் சென்ற பின்னரும், அதனாற் காணத்தக்க ஓர் ஆபத்து காணப்படாது போனமைக்குக் காரணம் யாது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொற்கள் பற்றி ஒரு குறிப்பு. ஓரலகு பரப்பின்மீது தாக்கும் உள்விசையை இலங்கைப் பாடநூல்கள் தகைப்பு என்றும், ஓரலகு நீளத்துக்கு ஏற்படும் நீள மாற்றத்தை விகாரம் என்றும் வழங்குகின்றன. தமிழ்நாட்டு நூல்களில் இவை முறையே தகைவு, திரிபு எனப்படும். இங்கு முன்னைய வழக்கே கொள்ளப்பட்டுள்ளது.

ஊக் முதல் கெல்வின் வரை

மீள்தன்மையுள்ள பொருளின் நீட்சி அதனை நீட்டும் விசைக்கு விகிதசமமானது என்னும் விதியை றொபேட் ஊக் 1678 இல் வெளியிட்டார். விகாரத்தை அறிந்தால் தகைப்பை அறியலாம் என்பதற்கு இவ்விதியே அடிப்படை. ஆயின் நடைமுறையில் அவ்விகாரம் மிகச் சிறியது. உருக்குச் சட்டமொன்றிற் சதுர மில்லிமீற்றருக்கு 100 நியூற்றன் தகைப்பு நிலவுங்கால், அச்சட்டத்தின் 100 மில்லிமீற்றர் நீளம் 0.05 மில்லிமீற்றர் மாத்திரமே நீளும். இதனைக் காண்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் நெம்புகோல்களையும் சிறு ஆடிகளையும் கொண்ட நீட்சிமானிகளை அமைத்தனர். அவை நுண்ணியவை, எனினும் பாரமானவை. சோதனைப் பொறியில் அசையாது நிற்கும் மாதிரித்துண்டுக்கு அவை போதும். சுழலும் தண்டிலோ, அதிரும் இறகிலோ, மெல்லிய தகட்டிலோ அவற்றை ஏற்றினால், அளக்கப்படும் பொருளின் நடத்தையையே அவை மாற்றிவிடும்.

பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன், 1856 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் முன் நிகழ்த்திய பேக்கர் நினைவு விரிவுரையில், செப்புக் கம்பியையும் இரும்புக் கம்பியையும் இழுத்தபோது அவற்றின் மின்தடை மாறியதை அறிவித்தார். இரும்பில் அம்மாற்றம் செம்பிலும் மிகுதியாயிருந்தது. இச்சிறு மாற்றத்தைக் காண அவருக்கு உதவியது, சாமுவேல் கிறிஸ்ரி 1833 இல் விவரித்ததும் சாள்ஸ் உவீற்சன் 1843 இல் பரப்பியதுமான பாலச் சுற்றாகும். ஆக, உணரும் கம்பியும் அதன் மாற்றத்தை அறியும் சுற்றும் 1856 இலேயே ஒருவர் மேசைமீது ஒன்றாயிருந்தன. எனினும் அன்று பிறந்தது பௌதிக உண்மை ஒன்றேயன்றி அளத்தற் கருவி அன்று.

எண்பத்திரண்டு ஆண்டுகள்

காலம் தாழ்த்தியமைக்கு முதற் காரணம் வெப்பநிலையாகும். இக்கால விகாரமானி ஒன்றின் தடை பொதுவாக 120 ஓம். அதன் மானிக் காரணி, அஃதாவது தடையின் பின்ன மாற்றத்துக்கும் விகாரத்துக்கும் உள்ள விகிதம், ஏறத்தாழ 2. மேலே கூறிய தகைப்பு உண்டாக்கும் விகாரம் பத்தாயிரத்தில் ஐந்து. ஆதலின் தடை ஆயிரத்தில் ஒரு பங்கு, அஃதாவது 0.12 ஓம் மாறும். ஆயின் செம்பின் தடையோ ஒரு பாகை செல்சியசு வெப்பநிலை ஏற்றத்துக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு மாறுவது. தூய செம்பினாலாய மானியின்மீது ஒரு பாகை வெப்பம் ஏறின், அது கணிசமான தகைப்பொன்றின் குறியை நான்கு மடங்கால் விஞ்சிவிடும். வெப்பநிலைக்கு மிகச் சிறிதே இணங்கும் செப்பு-நிக்கல் கலப்புலோகமான கொன்சுதாந்தன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது.

இரண்டாவது காரணம், சிறு குறியைப் பெருக்கும் வழியின்மை. மும்முனை வெற்றிடக் குழாய் 1906 இல் தோன்றி, பின்வந்த ஆண்டுகளிற் பெருக்கியாக வளர்ந்த பின்னரே, கணப்பொழுதில் வந்து மறையும் மில்லிவோல்ற்று அளவான குறிகளைப் பதிவுசெய்தல் கைகூடியது. மூன்றாவது காரணம் தேவையே. தடித்த வார்ப்பிரும்பையும் தாராளமான காவற் காரணிகளையும் நம்பிய காலத்தில் விகாரத்தைப் புள்ளிதோறும் அறியவேண்டிய நெருக்கடி எழவில்லை. மெல்லிய உலோகத் தோலை உடலாகக் கொண்ட ஆகாயவிமானம் தோன்றியபோது அந்நெருக்கடி எழுந்தது.

இடைப்பட்ட முயற்சிகளும் இருந்தன. அமெரிக்க நியமப் பணியகத்தின் மக்கொலம், பீற்றேர்ஸ் ஆகியோர் 1924 இல், அடுக்கிய காபன் தட்டுகளின் தடை அமுக்கத்தோடு மாறுவதைப் பயன்படுத்திய கருவியை விவரித்தனர். 1930களின் தொடக்கத்தில் றோய் காள்சன், இரு முனைகளுக்கிடையே இழுத்துக் கட்டிய கம்பியைக் கொண்டு கொங்கிறீற்று அணைகளின் உள்விகாரத்தை அளக்க முற்பட்டார். இவற்றிற் கம்பியோ காபனோ தனியான ஓர் உறைக்குள் இருந்தது. அளக்கப்படும் பொருளோடு ஒன்றாகவில்லை.

ஒரே ஆண்டு, இரண்டு இடங்கள்

கலிபோர்ணியத் தொழினுட்ப நிறுவனத்தில், திடீர் மோதலின்போது உலோகங்கள் நடந்துகொள்ளும் முறையை ஆராய்ந்தோர்க்கு அம்மோதலின் விசையை அளக்கவேண்டியிருந்தது. எட்வேட் சிமன்ஸ் என்பார், நுண்ணிய கொன்சுதாந்தன் கம்பியை உருக்கு உறுப்பின் மேற்பரப்பிலேயே ஒட்டிவிடலாம் எனக் கூறினார். அம்முறையிற் பெற்ற அளவீடுகள் 1938 இல் வெளியாயின.

அதே 1938 இல், நாட்டின் மறுகரையிலுள்ள மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில், ஆதர் றூஜ் என்னும் பேராசிரியர், உயர்த்திக் கட்டிய நீர்த்தாங்கிகள் நிலநடுக்கத்தை எவ்வாறு தாங்கும் என்பதை மாதிரியுருவொன்றில் ஆராய்ந்துகொண்டிருந்தார். மாதிரியின் சுவர் மிக மெல்லியது. அன்றிருந்த எந்த மானியையும் அது தாங்காது. ஏப்பிரல் மாதத்தில் ஒருநாள் அவரும் நுண்கம்பியைப் பசையால் ஒட்டிப் பார்த்தார். கம்பி சட்டத்தோடு சேர்ந்து நீண்டது, சேர்ந்து குறுகியது. இதன் உரிமையை நிறுவனத்திடம் அவர் முன்வைத்தபோது, வணிகப் பயன் பெரிதும் இராதெனக் கருதிய குழு அதனை அவருக்கே விட்டுக்கொடுத்தது.

ஒருவரையொருவர் அறியாத இருவரும் கண்டறிந்தது புதிய விளைவு எதனையுமன்று. கெல்வின் கண்ட விளைவே அது. அவர்கள் புதிதாகச் சேர்த்தது பசை ஒன்றே. ஆயின் அப்பசையே அனைத்துமாகும்: அதனால் உணரி, அளக்கப்படும் பொருளின்மீது சுமத்தப்பட்ட வேற்றுப் பொருளாயிராது, அதன் தோலின் ஒரு பகுதியாயிற்று. சிமன்சின் முதலெழுத்தையும் றூஜின் முதலெழுத்தையும் தன் வணிகப் பெயரிற் தாங்கிய மானியை அமெரிக்காவின் போல்ட்வின் சவுத்வாக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ஆகாயவிமானத் தொழில் அதனைப் பெருந்தொகையிற் பயன்படுத்தியது. சிமன்சுக்கும் கலிபோர்ணிய நிறுவனத்துக்கும் இடையே எழுந்த உரிமை வழக்கு, 1949 இல் அம்மாநில உயர்நீதிமன்றத்தில் அவர் பக்கம் தீர்ந்தது.

கம்பியன்று, தொகுதி

ஒட்டிய கம்பி தனித்து எதனையும் அளப்பதில்லை. அதன் தடைமாற்றத்தை உவீற்சன் பாலம் அழுத்த வேறுபாடாக மாற்றுகின்றது. பாலத்துக்கு 5 வோல்ற்று ஊட்டினால், மேற்கூறிய தகைப்புக்கு ஒரு மானி தருவது 1.25 மில்லிவோல்ற்று மாத்திரமே. அதனைப் பெருக்கி பெருக்குகின்றது, பதிகருவி காட்டுகின்றது. வெப்பநிலை என்னும் பழைய பகையை வென்றதும் இத்தொகுதியின் அமைப்பே. அதே உலோகத்தில் ஒட்டப்பட்டதும் பாரம் ஏற்றப்படாததுமான இரண்டாவது மானியைப் பாலத்தின் அடுத்த புயத்தில் வைத்தால், வெப்பம் இரண்டையும் ஒப்பவே மாற்றும். பாலம் சமநிலை குலையாது. வழுவை நீக்கவியலாதபோது, அவ்வழுவையே இரண்டாக்கி ஒன்றையொன்று அழிக்கச் செய்யும் இவ்வுபாயம் அளவியலின் நுட்பங்களுள் தலையாயது.

1952 இல் இங்கிலாந்தின் சோண்டர்ஸ்-றோ நிறுவனத்திற் பீற்றர் ஜக்சன், அச்சிட்ட மின்சுற்றுகளைச் செய்யும் முறையைப் பின்பற்றி, கம்பிக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தாளை அமிலத்தால் அரித்து மானி செய்தார். இன்று வழங்கும் உலோக மானிகளிற் பெரும்பாலன இவ்வகையினவே.

அளக்கப்படாத மூலை

இத்தகைய கருவிகள் பரவியிருந்த காலத்திலேயே கொமெற் ஆகாயவிமானங்களின் அழிவு நேர்ந்தது. பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் நிறுவனம் அமைத்த இத்தாரை விமானம் 1952 மே மாதத்திற் பயணிகள் சேவையைத் தொடங்கியது. 1954 சனவரி 10 ஆம் நாள் ஒன்று எல்பாத் தீவருகே வானிற் சிதறியது. 35 பேர் இறந்தனர். ஏப்பிரல் 8 ஆம் நாள் மற்றொன்று நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலில் வீழ்ந்தது. 21 பேர் இறந்தனர். முன்னையது 1290 பறப்புகளையும் பின்னையது 900 பறப்புகளையும் முடித்திருந்தன.

அமைத்தவர் சோதியாது விட்டவரல்லர். மாதிரி உடற்பகுதி ஒன்று அமுக்கத்தை ஏற்றியிறக்கும் சோதனையில் ஏறத்தாழ 18,000 தடவை தாங்கியிருந்தது. ஆயின் அதே பகுதி அதற்கு முன்னரே வழக்கமான அமுக்கத்தின் இருமடங்குக்கு உட்படுத்தப்பட்டிருந்தது. அம்மிகையமுக்கம் சாளர மூலைகளின் உலோகத்தைச் சற்றே இளகச் செய்து, பின்வந்த தகைப்பைத் தணித்துவிட்டது. பறந்த விமானங்களுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. சோதனை தந்த எண் பொய்யன்று. அது வேறொரு பொருளைப் பற்றிய மெய்.

பான்பரோவில் ஆனல்ட் ஹோலின் தலைமையில் நடந்த ஆய்வில், முழு விமானமொன்றின் உடல் நீர்த்தொட்டியில் அமிழ்த்தப்பட்டு அமுக்கம் மீள மீள ஏற்றப்பட்டது. முன்னரே 1221 பறப்புகளைக் கண்டிருந்த அவ்வுடல், தொட்டியில் மேலும் 1836 தடவை தாங்கி, மொத்தம் 3057 இற் பிளந்தது. சாளர மூலையருகே ஒட்டிய விகாரமானிகள், அங்கு நிலவிய தகைப்பு உலோகத்தின் முறிவுத் தகைப்பில் ஏறத்தாழ 70 வீதம் எனக் காட்டின. அமைத்தவரின் மதிப்பீடு முறிவுத் தகைப்பிற் பாதிக்கும் குறைவு என்பதாயிருந்தது. எல்பாவருகே வீழ்ந்த விமானத்திலும் பிளவு, கூரையில் வானலைத் திசைகாண் கருவிக்காக வெட்டப்பட்ட துவாரத்தின் மூலையருகே தொடங்கியமை பின்னர் மீட்கப்பட்ட துண்டுகளாற் புலனாயிற்று.

கருவி இருந்தது, அதனை வைக்கவேண்டிய இடத்தில் உரிய காலத்தில் வைக்கவில்லை. சராசரித் தகைப்பைக் கணித்து அமைதியுற்றவர்க்கு மூலையின் உச்சத் தகைப்பு புலப்படவில்லை. மானி தன் அடியிலுள்ள சில மில்லிமீற்றரைப் பற்றி மாத்திரமே பேசும். எவ்விடத்தை வினவுவது என்பதை அது கூறாது. அது பொறியியலாளன் அறிவுக்குரியது.

முடிவுரை

1954 இலேயே சாள்ஸ் சிமித் என்பார், சேர்மானியம், சிலிக்கன் ஆகிய குறைகடத்திகளின் தடை தகைப்போடு பெரிதும் மாறுவதை வெளியிட்டார். உலோகத்தில் ஏறத்தாழ 2 ஆகவிருந்த மானிக் காரணி இவற்றில் நூறையும் கடக்கும். அவ்விளைவின் வழிவந்த சிலிக்கன் மென்றகட்டு உணரிகள் இன்று இயந்திரங்களின் அமுக்கத்தையும் நோயாளரின் குருதியமுக்கத்தையும் அளக்கின்றன. கடைகளில் உள்ள மின்தராசுகளிலோ பெரும்பாலும் ஒட்டிய உலோக மானியே பணிபுரிகின்றது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு விடை இப்போது தெளிவாகும். ஒரு விளைவு கருவியாவதற்குக் கலப்புலோகமும் பசையும் பாலமும் பெருக்கியும், இவை அனைத்தையும் வேண்டிநிற்கும் தேவையும் ஒருங்கு கூடல் வேண்டும். அக்கூட்டத்துக்கே 82 ஆண்டுகள் சென்றன. கருவியாகிய பின்னரும் அது உயிர்களைக் காப்பதற்கு, கணிப்பின்மீது ஐயங்கொள்ளும் மனம் வேண்டும். அளவியலைப் பயிலும் மாணவர் உணரியின் உணர்திறனையும் வழுவெல்லையையும் கற்பதோடு, தம் கணிப்பு எவ்விடத்தில் மிக நலிந்தது என வினவவும் பழகுதல் நன்று. மானியை ஒட்டவேண்டிய இடம் அதுவேயாகும்.